பிள்ளைகளோடு சேர்ந்து பாடாதீர்கள், அவர்களைக் கேளுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் பகுதியில் உள்ள சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். “வர்ற ஜூன்ல இருந்து பாலர் கொயரை நீயே எடுத்து நடத்தும்மா” என்று எங்கள் ஆயர் ஐயா சொல்லிவிட்டார். 6 வயது முதல் 13 வயது வரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். எனக்குப் பாட வரும். சபைக் கொயரில் பல வருஷமாகப் பாடுகிறேன். ஆனால் நோட்ஸ் படிக்கத் தெரியாது, கீபோர்டும் தெரியாது. கீபோர்டு வாசிக்கிற தம்பி ரிதம் போட்டால் பிள்ளைகளின் குரலே கேட்பதில்லை. அவர்கள் பாடினாலும் பாட்டைவிடக் கத்தல்தான் அதிகம். ஒரு சின்னப் பையன் சுருதி சேராமல் ஒரே குரலில் பாடுகிறான். பெரிய பையன் ஒருவனுக்குக் குரல் உடைகிறது. இரண்டு பேரையும் நிறுத்திவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம், சிலர் வீட்டில் படுக மொழி. தமிழ் வாசிக்கத் திணறுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நன்றாகப் பாட வைக்க வேண்டும். நான் எப்படித் தயாராவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த இரண்டு பையன்களையும் நிறுத்த வேண்டாம். மற்றதைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜூன் வருவதற்குள் யாராவது இந்தப் பேச்சை அவர்கள் காதில் போட்டுவிடுவார்கள். அவர்களை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நோட்ஸ் தெரியாது, கீபோர்டு தெரியாது என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தராத விஷயம் அது ஒன்றுதான். டோனிக் சோல்ஃபா என்று பழைய கொயர்க்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐந்து கோடு இல்லாமல், டோ ரே மியின் முதல் எழுத்துகளை வைத்தே பாட்டை எழுதிப் பாடும் முறை. அதைப் பரப்பிய ஜான் கர்வன் இங்கிலாந்தில் ஒரு சபைப் போதகர், முறையாக இசை படித்தவர் அல்ல. 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எளிய வழி ஒன்றைத் தேடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அங்கே நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை எழுத்துகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்து வந்தார். அவருடைய முறையை எடுத்துத்தான் கர்வன் வளர்த்தார். உங்கள் ஆயர் ஐயா உங்களிடம் சொன்னதுபோலத்தான் கர்வனிடமும் சொல்லியிருக்கிறார்கள். வசதிப்படும்போது அந்த முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், சபையின் மூத்தவர்களில் தெரிந்தவர் ஒருவர் இருக்கலாம். ஸ ரி க ம தெரிந்திருந்தால் அதுவும் போதும். ஆனால் ஜூனுக்குள் இது வேண்டும் என்று இல்லை.

ஜூனுக்குள் வேண்டியது வேறு. நீங்கள் கொயரில் பாடிப் பழகியவர். பாட்டு தொடங்கினால் உங்கள் வாயும் தானாகத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நீங்களும் சேர்ந்து பாடுவீர்கள், அவர்கள் தடுமாறினால் இன்னும் சத்தமாகப் பாடுவீர்கள். அப்போது உங்கள் காதில் விழுவது உங்கள் குரல்தான். யார் சுருதியை விட்டார், யார் வார்த்தையை விழுங்கினார், யார் மூச்சு வாங்க முடியாமல் திணறினார், எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கும் நீங்கள் பாடுவதைத் தொற்றிக்கொண்டு போகிற பழக்கம் வந்துவிடும். பண்டிகை அன்று நீங்கள் பாடாமல் எதிரே நின்றால் பாட்டு அப்படியே படுத்துவிடும். மலையில் நான் பயிற்சி கொடுக்கப் போகிற சபைகளில் முதல் வேலையாக ஆசிரியையிடம் கேட்பது இதைத்தான்: பாடிக் காட்டுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேளுங்கள். “நான் பாடும்போது நீங்கள் காது, நீங்கள் பாடும்போது நான் காது” என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி பிடித்துப்போகும். நீங்கள் மறந்துபோய்ச் சேர்ந்து பாடினால் அவர்களே “அக்கா, நீங்க காது!” என்பார்கள்.

இப்படிக் கேட்க வேண்டுமானால் பாட்டு உங்களுக்குள் முழுதாக இருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பிள்ளைகளின் முகம் தெரியாது. எனவே முதல் ஆறு மாதத்துக்கு மூன்றே பாட்டு எடுங்கள். மூன்றையும் கீபோர்டு இல்லாமல், செல்போன் இல்லாமல், சமையலறையில் வேலை செய்துகொண்டே பாடும் அளவுக்கு மனப்பாடம் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பாட்டிலும் உட்கார்ந்து பாருங்கள்: மூச்சு எங்கே வாங்குவது? எந்த இடத்தில் தடுக்கும்? எந்த வார்த்தைக்குப் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது? பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மூச்சு முட்டுகிற இடத்தில் மூச்சு வாங்குவார்கள். “ஆண்ட” என்று பாடி, மூச்சு வாங்கி, “வரே” என்பார்கள். எங்கே வாங்க வேண்டும் என்று நீங்கள் முதலிலேயே முடிவு செய்து, பாடிக் காட்டும்போது அங்கே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மூச்சு வாங்கினால், அவர்கள் கேட்டே பிடித்துக்கொள்வார்கள்.

எந்த மூன்று பாட்டு என்பதை நீங்களும் ஆயர் ஐயாவும் பேசி முடிவு செய்யுங்கள். என் கருத்து, ஒன்று கண்டிப்பாகக் கீர்த்தனையாக இருக்கட்டும். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நம் சபைகளில் நிலைத்திருக்கிற பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு, வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். பல்லவி திரும்பத் திரும்ப வரும். அதை 6, 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். சரணத்தை 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் பாடட்டும். சின்னவர்கள் நீண்ட வரிகளைத் திணறி மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனாலும் பாட்டு முழுக்கத் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். இரண்டாவது, மேல்நாட்டு ராகத்தில் அமைந்த பாமாலைப் பாட்டு ஒன்று. மூன்றாவது, நாலு வரிச் சின்னக் கோரஸ். டிவியிலும் யூடியூபிலும் வரும் புதுப் பாட்டு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவை தனிக் குரலுக்காக, ஸ்டுடியோவுக்காகச் செய்தவை. மேலும் கீழும் தாவும், நீண்ட மூச்சு கேட்கும். ஒரு வருஷம் போகட்டும்.

நாலு பார்ட்டாக, அதாவது நாலு குரலாகப் பிரித்துப் பாட வைக்க ஆசை வரும், அதையும் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். இருபது பிள்ளைகள் ஒரே சுரத்தில் ஒன்றாகப் பாடுவதே பெரிய காரியம். அது வந்த பிறகு, சின்னக் கோரஸை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு வரி தள்ளித் தொடங்கிப் பாடிப் பார்க்கலாம். பெரிய பிள்ளைகள் நாலு பேர் “ஆ” என்று ஸட்ஜமத்தை, அதாவது ‘ஸ’வைப் பிடித்திருக்க மற்றவர்கள் அதன் மேல் பாடலாம். இப்போதைக்கு இதற்கு மேல் வேண்டாம்.

இனி அந்தக் கத்தலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிள்ளைகள் கத்துவதற்கு அடக்கமின்மை காரணம் என்று நினைத்து “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அதனால் குரல் கம்முமே தவிர இனிமையாகாது. பெரும்பாலும் காரணம் சுருதி. பெரியவர்கள் பாடுகிற சுருதியிலேயே பிள்ளைகளையும் பாட வைக்கிறோம். “பாவம், சின்னப் பிள்ளைங்க, மேலே எட்டாது” என்று இன்னும் அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) இறக்கியும் கொடுக்கிறோம். தாழ்ந்த சுரங்களை அவர்கள் நெஞ்சிலிருந்து வருகிற கனத்த குரலில்தான் பாட முடியும். அதே கனத்த குரலை இழுத்துக்கொண்டு சரணத்தின் உச்சிக்கு ஏறப் பார்க்கும்போது கழுத்து நரம்பு புடைக்கிறது, கத்தலாகிறது. சிறு பிள்ளைகளின் இயல்பான அழகு அந்தக் குரலில் இல்லை. மேலே, லேசாக, தலைக்குள் ஒலிக்கிற மாதிரி ஒரு குரல் அவர்களிடம் இருக்கிறது. அதுதான் பாடுகிற குரல்.

அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி. காலையில் ஊதும் தேயிலை ஃபேக்டரி சங்கை உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதை “ஊ” என்று செய்து காட்டச் சொல்லுங்கள். கீழிருந்து மேலே போய், மறுபடி கீழே வரட்டும். மேலே போகும்போது ஒரு இடத்தில் குரல் தானாக மெலிந்து லேசாகும்; சில பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, “இந்தக் குரல்தான் நமக்கு வேணும்” என்று சொல்லுங்கள். பிறகு அந்த மேல் குரலிலேயே தொடங்கி “ஊ” என்று ஐந்து சுரம் கீழே இறங்கி வரட்டும். எப்போதும் மேலிருந்து கீழே. கீழிருந்து ஏறினால் கனத்த குரலைக் கையோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் ஐந்து நிமிஷம் இதற்குக் கொடுங்கள். அப்புறம் பாட்டின் ஒரு வரியை வார்த்தை இல்லாமல் “லூ” என்று பாடவிட்டு, அதன் பின் வார்த்தையோடு பாடச் சொல்லுங்கள்.

சுருதியைக் கணக்குப் பார்க்கும்போது “இது எத்தனை கட்டை” என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே கட்டையில் உள்ள இரண்டு பாட்டுகளில் ஒன்று ஸட்ஜமத்துக்குக் கீழே பஞ்சமம் (‘ப’) வரை இறங்கும், இன்னொன்று இறங்காது. பாட்டின் அடிச்சுரம் எங்கே, உச்சச்சுரம் எங்கே என்று பாருங்கள். கீபோர்டுத் தம்பியை உட்கார வைத்து, டிரான்ஸ்போஸை, அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் வசதியைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். 61 கீ உள்ள கீபோர்டில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக வரும் ‘சி’ (C) தான் நடு சி, அதாவது ஒரு கட்டைச் சுருதி. அதற்கு அடுத்த வெள்ளைக் கீ ‘டி’ (D), இரண்டு கட்டை. அந்த டியிலிருந்து மேலே உள்ள அடுத்த டி வரை உங்கள் பிள்ளைகளின் வசதியான இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இடங்களில் அதற்கு மேல் ஒரு சுரம் தொட்டால் பரவாயில்லை. நடு சிக்குக் கீழே அடிக்கடி போகிற பாட்டு என்றால் சுருதியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் மேலே எட்டாமல் போகிறதா? அந்தப் பாட்டு இவர்களுக்கு ஆகாது, வேறு பாட்டு எடுங்கள். முடிவான சுருதியைப் பாட்டுத் தாளின் தலையில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு சுருதியில் எடுத்தால் பிள்ளைகளின் தொண்டைக்குப் பாட்டு பழகாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லேசான குரல் வராமல் சுருதியை மட்டும் ஏற்றினால் கத்தல் இன்னும் மோசமாகும். முதலில் சங்கு, அப்புறம்தான் சுருதி.

கீபோர்டுத் தம்பியைப் பற்றி. அவனிடம் பிள்ளைகள் முன்னால் “சத்தத்தைக் குறை” என்று சொல்ல வேண்டாம். ஒரு நாள் முன்னாடியே தனியாகக் கூப்பிட்டு, பாட்டு படிந்து வருகிற வரை ரிதம் வேண்டாம், பயிற்சியில் சுருதியும் முதல் வரியும் மட்டும் கொடு, பாட்டு படிந்த பிறகு உன் வாசிப்புக்கு ஒரு முழு நாள் ஒதுக்குகிறேன் என்று சொல்லுங்கள். “அக்கா, ரிதம் இல்லேன்னா சப்புன்னு இருக்கும்” என்பான். அவனை ஒரு முறை ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார வைத்து, பிள்ளைகள் வெறும் குரலில் பாடுவதைக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல வாசிப்பாளன் என்றால் அந்த ஒரு தடவையில் புரிந்துகொள்வான். பண்டிகை அன்று ஸ்பீக்கர் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டு காதுக்குப் பக்கத்தில் முழங்கினால், தன் குரல் தனக்கே கேட்காமல் கத்தத்தான் செய்வார்கள்.

சரி, சுருதி சேராத அந்தச் சின்னப் பையன். ஒரே குரலில் பாடுகிறான் என்றால், அநேகமாக அவன் இன்னும் மேல் குரலைக் கண்டுபிடிக்கவில்லை. பேசுகிற குரலிலேயே பாடுகிறான். அவனைத் தனியாக நிறுத்திப் “பாடு” என்று சொல்லாதீர்கள். “நீ ஏதாவது ஒரு சுரம் பிடி, நாங்க எல்லாரும் உன்கிட்ட வர்றோம்” என்று சொல்லுங்கள். அவன் பிடித்த சுரத்தை நீங்கள் பிடியுங்கள், மற்றப் பிள்ளைகளும் பிடிக்கட்டும். தன் குரலும் மற்றவர்கள் குரலும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்பதை அவன் காது அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கும். அங்கிருந்து ஒரு சுரம் மேலே, மறுபடி ஒரு சுரம். வாரா வாரம் இரண்டு நிமிஷம் இதைச் செய்தால் போதும். நிற்கும்போது நன்றாகப் பாடும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் அவனை நிறுத்துங்கள், ஓரத்தில் வேண்டாம். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளையா என்று அவன் அம்மாவிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். வகுப்பிலும் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காது டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

குரல் உடைகிற பையனுக்கு வேறு மாதிரி. அவன் குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீள்கின்றன. முடிவில் அவன் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை உள்ள தூரம்) கீழே போய் நிற்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். நேற்று வந்த சுரம் இன்று வராது. இதில் அவன் தப்பு எதுவும் இல்லை என்று அவனிடம் தனியாக, நேராகச் சொல்லுங்கள். மற்றவர்கள் சிரித்தால் நீங்கள் சிரிக்காமல் நில்லுங்கள். பழைய உயரத்தில் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, கிசுகிசுவென்றும் பாட வைக்கக் கூடாது. இரண்டும் தொண்டைக்குச் சிரமம். அவனுக்கு இப்போது வசதியாக வருகிற நாலைந்து சுரம் எது என்று பார்த்து, அதற்குள் அடங்கும் ஒரு பகுதியைக் கொடுங்கள். நான் மேலே சொன்ன ஸட்ஜமத்தைப் பிடிக்கும் வேலையைக் கீழ் ஸ்தாயியில் அவனே செய்யலாம். பாட்டுக்கு முன் வேதபாடம் வாசிக்கச் சொல்லலாம், தாளத்துக்கு கஞ்சிராவோ டாம்பரினோ கையில் கொடுக்கலாம். இந்த வயதில் கொயரை விட்டுப் போகிற பையன் பிறகு பெரியவர்களின் கொயருக்கும் வருவதில்லை. நம் சபைகளில் ஆண் குரல் குறைந்துபோவதற்கு இது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழ் வாசிக்கத் திணறுகிறவர்களுக்காக ஆங்கில எழுத்தில் பாட்டை எழுதிக் கொடுக்கிற பழக்கம் பரவிவிட்டது. வேண்டாம். ஆங்கில எழுத்தில் ‘பாடு’வும் ‘படு’வும் ஒன்றுதான். நெடிலைக் குறிலாகவும் குறிலை நெடிலாகவும் பாடுவார்கள், ழகரம் போயே போய்விடும், ஒரு தடவை தப்பாகப் பதிந்தால் மாற்றுவது கஷ்டம். தாளே கொடுக்காமல் காதால் கற்றுக்கொடுங்கள். முதலில் அர்த்தம் சொல்லுங்கள். ‘கிருபை’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், வருகிற பதில்களை வைத்தே அன்றைய பாடத்தை நடத்திவிடலாம். பிறகு தாளத்தோடு வார்த்தைகளைப் பேசட்டும், அப்புறம் பாடட்டும். பெரிய பிள்ளைகளுக்கு சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் தமிழிலேயே எழுதி மாட்டுங்கள். பாட்டுக்காக எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. நீட்டிப் பாடும் இடங்களில் உயிரொலியில் நிற்கச் சொல்லுங்கள். “துதிப்போம்” என்றால் “போ”வில் நின்று, கடைசியில் எல்லாரும் ஒன்றாக “ம்” போட வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு நேரத்தில் வாயை மூடி வண்டு ரீங்காரம்தான் கேட்கும்.

கையசைப்பைப் பற்றிக் கொயர் மாஸ்டர்கள் நிறையச் சொல்வார்கள். உங்களுக்கு இப்போது ஒன்று போதும்: தொடங்குவது. “ஒன், டூ, த்ரீ” என்று எண்ணாமல், கையைத் தூக்கும்போது நீங்களும் வாயைத் திறந்து மூச்சு வாங்குங்கள், கை இறங்கும்போது பாட்டு தொடங்கட்டும். பிள்ளைகள் உங்களோடு சேர்ந்து மூச்சு வாங்குவார்கள், தொடக்கம் ஒன்றாக வரும். கண்ணாடி முன் நின்று பழகுங்கள்.

பயிற்சி நேரம். வாரம் ஒரு முறை, 45 நிமிஷம், அதற்கு மேல் சின்னவர்கள் தாங்க மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் தொடங்கினால் நல்லது. உங்கள் பக்கத்தில் சாயங்காலம் ஆனால் தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டு மாடும் கரடியும் நடமாடும் என்பது உங்களுக்கே தெரியும். மூடுபனி இறங்குவதற்குள் எல்லாப் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டும். நீங்கள் தனியாக இருக்க வேண்டாம், இன்னொரு பெரியவர், முடிந்தால் ஒரு தாயார், எப்போதும் கூட இருக்கட்டும். கதவு திறந்தே இருக்கட்டும். பாடுவதைச் செல்போனில் பதிவு செய்து நீங்கள் வீட்டில் கேளுங்கள், அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அது வாட்ஸாப்புக்குப் போகக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம், மலைக்காரர்களுக்கு மட்டுமே உள்ளது. பிள்ளைகள் கம்பளிக் குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு பாடுவார்கள். பக்கத்தில் பாடுவது கேட்காது, தன் குரலும் சரியாகக் கேட்காது. பாடும் நேரத்தில் மட்டும் குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிடச் சொல்லுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல வேண்டாம்.

காலண்டரைப் பார்த்து வேலையை வகுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் டிசம்பரில்தானே என்று அக்டோபரில் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலேயே மழை அடித்துப் பெய்யும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபர், நவம்பரில் மண் சரியும், பள்ளிக்கு லீவு விடுவார்கள், வாரக்கணக்கில் பயிற்சி நின்றுபோகும். தகரக் கூரை போட்ட ஆலயம் என்றால் மழை பிடித்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. டிசம்பர் வந்தால் அரையாண்டுத் தேர்வு. ஆகவே மூன்று பாட்டும் செப்டம்பர் கடைசிக்குள் மனப்பாடமாகிவிட வேண்டும். நடுவில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், அறிவிப்பு எதுவும் இல்லாமல், சின்னக் கோரஸை மட்டும் ஆராதனையில் பாடவிடுங்கள். சபைக்கு முன்னால் நின்று பழகுவார்கள்.

தனிப்பாட்டு கேட்டு வருகிற பெற்றோர் உண்டு. கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இந்த வருஷம் தனிப்பாட்டு யாருக்கும் கிடையாது, மூன்று மூன்று பேராக வரிகளை மாறி மாறிப் பாடுவார்கள் என்று ஜூனிலேயே ஆயர் ஐயா வாயால் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வைத்துவிடுங்கள். முகம் கோணாமல் தப்பிக்க அதுதான் வழி. தனிப்பாட்டு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கர்த்தருக்கு முன் எல்லாரும் சேர்ந்து பாடுகிற அனுபவம் பிள்ளைகளுக்கு முதலில் வரட்டும் என்கிறேன்.

கடைசியாக, டிசம்பர். கேரல் ரவுண்ட்ஸில் பிள்ளைகள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, பனியில், டிரம்ஸுக்கு மேலே கத்திப் பாடி, பண்டிகைக்குள் குரலைத் தொலைத்துவிடுவார்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். கொயர்ப் பிள்ளைகள் சாயங்காலம் முதல் சில வீடுகளுக்கு மட்டும் வரட்டும். கடைசி மூன்று நாள் வேண்டாம். தொண்டை வலிக்கிற பிள்ளை பயிற்சிக்கு வந்து உட்கார்ந்து கேட்கட்டும், பாட வேண்டாம்.

உங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியற்காலை 4, 5 மணிக்கு என்றால், தூங்கி எழுந்த குரல் கனமாகவும் தாழ்ந்தும் இருக்கும். ஒரு மணி நேரம் முன்னாடியே எழுப்பி, வெந்நீர் குடிக்கக் கொடுத்து அனுப்பும்படி தாய்மாரிடம் சொல்லிவையுங்கள். ஆலயத்துக்கு வெளியே ஐந்து நிமிஷம் வாயை மூடி “ம்ம்” என்று மெதுவாக முனகட்டும், பிறகு சங்கு ஊதட்டும். அன்றைக்கு மட்டும் சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம்; அதையும் முந்தின வாரமே ஒரு தடவை பாடிப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் எழுந்து முன்னால் வரும்போது கீபோர்டில் டிரான்ஸ்போஸ் எண்ணை நீங்களே ஒரு முறை பாருங்கள். முந்தின பாட்டுக்காக மாற்றியது அப்படியே இருக்கும்.